இரண்டரைச் செங்கல்

வடுவூர் ஏரிக்கு மேற்கே
கஜா புயல் படுக்கவைத்த முப்பத்தெட்டுத் தென்னைகளின் இடத்தில்
ஜல்லி கொட்டி, கல்லில் நம்பர் எழுதி,
வண்டிக்கு ராத்திரி எண்ணூறு என்கிறார் கலியமூர்த்தி.
தண்ணிக்கு ஒரு குழாய்.
கரண்டுக்கு, பிழைத்த மரத்தில் ஆணியடித்த பிளக்.
ஏசி போட்டால் நூறு கூட.

எங்களுக்கு நாலாம் நம்பர்.

திருச்சியில் வாடகைக்கு எடுத்த பழைய டெம்போ டிராவலர்.
உள்ளே ஒரு வீட்டை மடித்து மடித்து வைத்திருந்தார்கள்.
மேசையை இறக்கினால் கட்டில்.
கட்டிலைத் தூக்கினால் அரிசி டப்பா.
அரிசி டப்பாவை நகர்த்தினால்தான்
கக்கூஸ் கதவு திறக்கும்.
கபிலனும் சரபேஷும் மேல்தட்டுக்கு
அடித்துக்கொண்டு, பிறகு சீட்டுக் குலுக்கினார்கள்.

நானும் அவரும் பேசி
அன்றோடு பதினோரு நாள்.

கும்பகோணத்து வீட்டில் அது சுலபம்.
அவர் ஹாலில் என்றால் நான் மாடியில்.
அவர் மாடியேறும் சத்தம் கேட்டால்
எனக்குக் கொல்லையில் வேலை.
கோபத்துக்கு நாலு அறை, இரண்டு வாசல்.
'அப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீந்துடுச்சு.'
'அம்மாகிட்ட சொல்லு, புக் பண்ணியாச்சு.'
கொடுத்த அட்வான்ஸ் திரும்பாது என்பதால் மட்டும்
பொங்கல் லீவில் கிளம்பிவிட்டோம்.

இங்கே ஒருவர் திரும்பிப் படுக்க
இன்னொருவர் மூச்சை உள்ளிழுக்க வேண்டும்.
தோசைக்கல்லுக்காக
அவர் முழங்காலைத் தாண்டிக் கை நீட்டினேன்.
முழங்காலை நகர்த்தினார்,
ஜன்னலைப் பார்த்தபடியே.
ஜன்னலில், தண்ணிக்குள் நிற்கும் கருவேல மரத்தில்
நத்தைகுத்தி நாரைகள்
ராத்திரி இடத்துக்கு மல்லுக்கு நின்றன.

ஏழு மணிக்குச் சரபேஷ்தான் கண்டுபிடித்தான்.
டம்ளரில் பிடித்துவைத்த தண்ணி
ஒரு பக்கம் விளிம்பு வரை,
ஒரு பக்கம் விரல் கீழே.
'அப்பா, தண்ணி சாஞ்சிருக்கு.'
'தண்ணி சாயாதுடா,' என்றான் கபிலன், ஏழாம் வகுப்பு.
'டம்ளர் சாஞ்சிருக்கு. வண்டி சாஞ்சிருக்கு.
நாம எல்லாருமே ஏரிப்பக்கம் சாஞ்சிருக்கோம்.'
சோதிக்க ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தான்.
அது யோசிக்காமல் உருண்டு போய்
அவர் பாதத்தில் நின்றது.

டார்ச்சோடு இறங்கினார்.
வண்டிக்கடியில் கொஞ்ச நேரம்
வெளிச்சம் மட்டும் அலைந்தது.
பிறகு குரல்:
'செங்கல் இருக்கா பாரு.'

பாரு.
பையன்களிடம் என்றால் பாருடா என்பார்.

இறங்கினேன்.
மூணாம் நம்பர் வண்டி லால்குடிக்காரி
துண்டு உதறியபடி கொட்டகைப் பக்கம் கை காட்டினாள்:
'எல்லா நம்பரும் அந்தப் பக்கம்தாங்க சாயும்,
நாங்க மூணு கல்லு வச்சோம்.'
எனக்கு மிஞ்சியது இரண்டு முழுசு, ஒரு அரை.
பாசி வழுக்கியது. மடியில் கட்டிக்கொண்டு வந்தேன்.
'இப்படி வை.'
'கை, கை! எடுங்க கையை.'
'ஏத்தவா?'
'ஏத்துங்க. இன்னும். இன்னும்.'
உள்ளேயிருந்து டம்ளரைச் சுற்றி இரண்டு தலைகள்:
'இல்ல, இல்ல, கொஞ்சம்... ஆங்!'

எண்ணிப் பார்த்தால் இருபது வார்த்தை தேறாது.
பேச வேண்டியது அதில் ஒன்றுகூட இல்லை.
என்னைக் கேட்காமல் என் ஆரத்தை அடகு வைத்து
தம்பிக்குக் கொடுத்த ஒன்றரை லட்சம்
எங்களுக்கு நடுவில்தான் படுத்திருந்தது,
இருக்கிற இடத்தில் பாதியை எடுத்துக்கொண்டு.

தூரத்தில் சம்பா வயலில் அறுப்பு மிஷின்
இரண்டு விளக்கோடு போவதும் திரும்புவதுமாக.
கொசுவத்தி. பறவை எச்ச நாற்றம்.
'சித்திரையில மீட்டுடலாம்,' என்றார் கூரையிடம்.
'எந்தச் சித்திரை?' என்றேன்.
மேல்தட்டில் யாரோ
தலையணைக்குள் சிரித்தது கேட்டது.

காலையில் அந்த அரைக்கல் இரண்டாகப் பிளந்திருந்தது.
டம்ளர் தண்ணி மறுபடியும்
நூலளவு ஏரிப்பக்கம்.
அதில் ஒரு கொசு மிதந்தது.
குழாயில் வரிசை நீளம்.
கொசுவை எடுத்துப் போட்டுவிட்டு
அதிலேயே பல் தேய்த்தேன்.
பாதியை அவருக்கு வைத்தேன்.